பீடோங்ல ஸ்டூடன்டுங்களுக்கு வாடகை வீடு: 3,150 வெள்ளியும் (ரிங்கிட்) கேரண்டரும் கேக்கறாங்க, என்ன செய்யறது?

சிப்புட்_பொண்ணு:

வணக்கம். நானும் கூட படிக்கற மூணு பொண்ணுங்களும் அடுத்த செமஸ்டர்ல இருந்து வெளிய வீடு எடுத்து தங்கலாம்னு பீடோங்ல (மலேசியா, கெடா மாநிலம்) தேடிட்டு இருக்கோம். ஹோஸ்டல்ல சமைக்க முடியாது, தினம் கடைல சாப்ட்டா கட்டுப்படி ஆகல, அதான். நான் சுங்கை சிப்புட், அப்பா செம்பனைத் தோட்டத்துல வேலை, அம்மா வீட்ல பலகாரம் போட்டு விக்கறாங்க. மத்தவங்க கிள்ளான், பாகான் செராய், குரூண். குரூண் பொண்ணுக்கு பக்கம்தான், ஆனா பஸ்ஸ நம்பி காலைல கிளாசுக்கு வந்து சேர முடியல.

வீடு இல்லாம இல்ல. எந்த தாமானுக்குள்ள (குடியிருப்பு) போனாலும் ரெண்டு மூணு கேட்டுல வாடகைக்குன்னு போர்டு தொங்குது. போன் அடிச்சா மொதல் கேள்வி ஃபேமிலியா ஸ்டூடன்டா. ஸ்டூடன்ட்னு சொன்னாலே குரல் மாறிடுது. அடுத்து பேரு கேப்பாங்க, பேர சொன்ன ஒடனே "டா அடா ஓராங் அம்பில்" (ஏற்கனவே ஆள் எடுத்தாச்சு) னு சொல்லி வச்சிடறாங்க, அப்பறம் பாத்தா அதே போர்டு அங்கயேதான் தொங்குது. நம்ம ஆளு ஒருத்தரு வீடும் பாத்தோம். பொண்ணுங்கன்னா சரின்னாரு, ஆனா ராத்திரி ஒன்பதுக்கு மேல வெளிய போகக்கூடாது, ஆம்பள சொந்தக்காரங்க யாரும் வரக்கூடாது, அப்பா வர்றதா இருந்தாலும் முன்னாடியே அவர்கிட்ட சொல்லணுமாம்.

இப்ப கடைசியா ஒரு வீடு அமைஞ்சிருக்கு. தெரிஞ்சவரு ஒருத்தரு கூட்டிட்டு போயி காட்டினாரு. ஒரு மாடி தெரஸ் வீடு, மூணு ரூம்பு, மாசம் 900 வெள்ளி. ஹால் சிலிங்ல பெரிய பாய் அளவுக்கு பழுப்பா கறை, அடுப்படி சிங்க்குக்கு கீழ பைப்புல பழைய துணிய சுத்தி கட்டி வச்சிருக்கு, பின்பக்க கிரில் கதவுக்கு பூட்டு இல்ல சங்கிலி மட்டும்தான். பரவால்ல, கழுவி எடுத்துக்கலாம். ஆனா வீட்டுக்காரரு ரெண்டு மாச டெபோசிட், அர மாசம் கரண்டு தண்ணி டெபோசிட், மொத மாச வாடகை, எல்லாம் சேத்து 3,150 வெள்ளி கேஷா குடுத்தாதான் சாவின்னு சொல்றாரு. அதுக்கு மேல மாசம் 4,000 சம்பளம் வாங்கற ஒருத்தரு கேரண்டரா லெட்டர்ல கையெழுத்து போடணுமாம். எங்க நாலு பேரு வீட்லயும் அந்த சம்பளம் யாருக்கும் இல்ல. அக்ரிமென்ட் இருக்கான்னு கேட்டேன், கூட்டிட்டு போனவரு "நம்மகுள்ள எதுக்கும்மா பேப்பரு" ன்னுட்டாரு.

பிடிபிடிஎன் (படிப்பு கடன்) காசு செமஸ்டர் ஆரம்பிச்சி கொஞ்சம் வாரம் கழிச்சிதான் ஏறும். அதுக்குள்ள வேற யாராச்சும் எடுத்துட்டா மறுபடி அலையணும். காச பொரட்டி குடுத்துடலாமா, இல்ல வேற என்ன கேட்டு வாங்கணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

எஸ்பி_கிளார்க்கு_அக்கா:

தங்கச்சி, நான் சுங்கை பட்டாணில வக்கீல் ஆபிஸ்ல வேலை செய்றேன், வாடகை தகராறு நெறய டைப் பண்ணியிருக்கேன், அதனால சொல்றேன். அவரு கேக்கறத ஒரு தடவ நல்லா யோசிச்சி பாரு. கேரண்டர்கிட்ட லெட்டர் வேணும், ஒங்களுக்கு அக்ரிமென்ட் வேணாம். அவருக்கு வர வேண்டிய காசுக்கு பேப்பர் இருக்கும், ஒங்களுக்கு திரும்பி வர வேண்டிய டெபோசிட் 2,250க்கு ஒண்ணுமே இருக்காது. இப்பிடியே குடுத்துடாத.

வாய்ப்பேச்சு சட்டப்படி செல்லுமான்னா செல்லும், மூணு வருஷத்துக்கு மேல போகாத வாடகைய வாயாலயே பேசிக்கலாம்னு நிலச்சட்டத்துலயே இருக்கு. ஆனா நாளைக்கு தகராறுன்னு வந்தா டெபோசிட்டா அட்வான்சா, எத்தன மாசத்துக்கு, எதுக்கெல்லாம் கழிக்கலாம்னு என்ன பேசினீங்கன்னு யாரு வந்து சொல்லுவா? கூட்டிட்டு போனவரு வீட்டுக்காரரு பக்கம்தான் நிப்பாரு. வாடகை வீட்டுக்குன்னு தனிச்சட்டம் கொண்டு வரோம்னு கேபிகேடி (வீட்டு வசதி அமைச்சு) பல வருஷமா பேசிட்டு இருக்காங்க, கேஸ் வந்தா நாங்க எடுக்கறதெல்லாம் 1950 காண்ட்ராக்ட் சட்டம், 1950 ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் இந்த மாதிரி பழசுதான். டெபோசிட் எவ்ளோ வாங்கலாம், எத்தன நாள்ல திருப்பி தரணும்னு இதுல எதுலயும் இல்ல, நீங்க எழுதி வச்சிருக்கற அக்ரிமென்ட்ல என்ன இருக்கோ அதான் பேசும், எழுதலன்னா ஒண்ணும் பேசாது.

ஸ்டூடன்டுங்க கையெழுத்து செல்லாது அப்பா வந்துதான் போடணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, இங்க 18 ஆயிட்டாலே ஒப்பந்தம் போடலாம்.

அக்ரிமென்ட் போட்டா மட்டும் பத்தாது, எல்எச்டிஎன்ல (வருமான வரி வாரியம்) ஸ்டாம்ப் பண்ணணும். கையெழுத்து போட்டு 30 நாளுக்குள்ள செஞ்சிடுங்க, தள்ளினா அபராதம். ஸ்டாம்ப் இல்லாத பேப்பர கோர்ட்ல ஆதாரமா எடுக்க மாட்டாங்க, 1949 ஸ்டாம்ப் சட்டம் 52ஆவது செக்‌ஷன். ஒரு வருஷ ஒப்பந்தம்னா வருஷ வாடகைல 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி கணக்கு. ஒங்க வீட்டுக்கு வருஷத்துக்கு 10,800, அப்ப 44 வெள்ளி, ரெண்டாவது காப்பிக்கு 10. முன்ன மொத 2,400க்கு வரி இல்லாம இருந்துச்சி, 2025ல இருந்து அத எடுத்துட்டாங்க. நாலு பேரு பிரிச்சா தலைக்கு 13.50. இத பெரிய செலவுன்னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க.

இன்னொண்ணு எல்லாருக்குமே தெரியணும். வாடகை பாக்கி வச்சாலும் ஒப்பந்தம் முடிஞ்சாலும் வீட்டுக்காரரு நேரா வந்து பூட்டு மாத்தி சாமான வெளிய போட முடியாது. ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் செக்‌ஷன் 7(2), கோர்ட் மூலமாதான் வெளியேத்தணும். அப்பிடி பூட்டினா போட்டோ எடுத்துட்டு போலிஸ் ரிப்போர்ட் போடுங்க. வாடகை கட்டாம ஒக்காந்துக்கலாம்னு அர்த்தம் இல்ல, பாக்கி பாக்கிதான்.

---

ரெண்டு_வீட்டுக்காரன்:

அக்கா சொன்னதுல தப்பு இல்ல. நான் வீடு விடற பக்கத்துல இருந்து பேசறேன், எனக்கு சுங்கை லாலாங் பக்கம் ரெண்டு வீடு, ரெண்டுமே படிக்கற பிள்ளைங்களுக்குதான் விட்டிருக்கேன்.

ஏன் எல்லாரும் ஸ்டூடன்ட்னா பயப்படறாங்கன்னு தெரிஞ்சிக்கோங்க, அப்பதான் பேச முடியும். டிஎன்பி கரண்டு மீட்டரு, சாடா தண்ணி மீட்டரு ரெண்டும் வீட்டுக்காரன் பேருலதான் இருக்கும். பிள்ளைங்க பரிட்ச முடிஞ்சி சாவிய ஜன்னல்ல வச்சிட்டு போயிடும், மூணு மாச பில்லு நம்ம தலைல. நாலு பேரு வருவாங்க, ஒருத்தன் பேருல வீடு எடுப்பாங்க, அந்த ஒருத்தன் படிப்ப விட்டுட்டு ஊருக்கு போயிடுவான், மத்தவங்க நாங்க கையெழுத்து போடலயேம்பாங்க. கோர்ட் மூலமாதான் வெளியேத்தணும்னு அக்கா சொன்னாங்கல்ல, சின்ன வீட்டுக்காரனுக்கு அது மாசக்கணக்குல இழுக்கும், வீட்டு லோன் மாசாமாசம் பேங்குல கழிஞ்சிட்டே இருக்கும். அதனால கேட்டுலயே வடிகட்ட பாக்கறாங்க, இனத்த பாத்து தொழில பாத்து சம்பள சிலிப்ப பாத்து. அது நியாயம்னு நான் சொல்லல. பேர கேட்டு போன வைக்கறவன் எனக்கும் தெரிஞ்சவன்தான், நம்ம ஆளுங்களே நம்ம பிள்ளைங்களுக்கு குடுக்காம பூட்டி வச்சிருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்ப ஆத்திரம். தோட்டத்துல இருந்து ஒரு பொண்ணு படிக்க கெளம்பி வர்றது எவ்ளோ கஷ்டம்னு இவங்களுக்கு தெரியாதா, இவங்க அப்பா அம்மாவும் ரப்பர் மரம் வெட்டினவங்கதானே.

நான் எப்பிடி செய்றேன்னா, ஒரு மாச டெபோசிட்டும் மொத மாச வாடகையும் வாங்கிட்டு சாவி குடுத்துடுவேன். இன்னொரு மாச டெபோசிட்ட மூணா பிரிச்சி, பிடிபிடிஎன் வந்த பிறகு வாடகையோட சேத்து கட்ட சொல்வேன். எல்லாம் பேங்க் இன், கையில காசு வாங்க மாட்டேன். தங்கற எல்லார் பேரும் ஐசி (அடையாள கார்டு) நம்பரும் அக்ரிமென்ட்ல இருக்கணும். கேரண்டர் கேக்கறதில்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்ல ஒரு பெரியவங்க போன் நம்பர் மட்டும் வாங்கி நானே ஒரு தடவ பேசிடுவேன். மாசம் 7ஆம் தேதிக்குள்ள டிஎன்பி பில்லு கட்டின ஸ்கிரீன்ஷாட்ட குரூப்புல போட்டுடணும், இது ஒண்ணுதான் எனக்கு கண்டிஷன். இது வரைக்கும் பெருசா தொல்ல வந்ததில்ல.

ஒங்க வீட்டுக்காரர்கிட்டயும் இப்பிடி பேசி பாருங்க. கேரண்டருக்கு பதிலா பில்லு, எல்லார் கையெழுத்து, அப்பா போன் நம்பர். பயத்துக்கு பதில் குடுத்தா பாதி பேரு எறங்கி வருவாங்க. 4,000 சம்பளம் கேக்கறதெல்லாம் தோட்டத்து வீட்ல யாருகிட்ட இருக்கு, கொறஞ்ச சம்பளமே 1,700தான் இப்ப.

---

பினாங்குல_இருக்கேன்:

நான் அந்த பக்கம் படிச்சிட்டு வெளிய வந்துட்டேன். எங்க வீட்ல நடந்தத சொல்றேன்.

வீடு விட்டு கெளம்பறப்ப வீட்டுக்காரரு டெபோசிட்ட தர மாட்டேன்னுட்டாரு, செவுரு பெயின்ட் போகுது, கதவு வீங்கிடுச்சி, சிங்க் ஒழுகுதுன்னு. கதவு நாங்க வர்றதுக்கு முன்னாடியே வீங்கிதான் இருந்துச்சி. நல்ல வேளை கூட இருந்த ஒரு பையன் சாவி வாங்கின அன்னிக்கே ரூம்பு ரூம்பா வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்சப்ல அனுப்பி வச்சிருந்தான், அவரும் ஓக்கேன்னு பதில் போட்டிருந்தாரு. அத வச்சி மெஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சின்ன வழக்கு போட்டோம். 5,000 வெள்ளி வரைக்கும் போடலாம், போரம் 198னு ஒண்ணு, வக்கீல் வைக்க வேணாம், நாமளே எழுதி குடுக்கலாம். நோட்டீஸ் கைக்கு போன பிறகு கூப்ட்டு பேசி பெரும்பங்கு குடுத்துட்டாரு, கேஸ் நடக்கவே இல்ல. கன்சூமர் டிரிபுனலுக்கு போகலாம்னு சில பேரு சொல்வாங்க, வீடு நிலம் சம்பந்தப்பட்டத அவங்க எடுக்க மாட்டாங்க, வீணா அலையாதீங்க. கெடால வெள்ளி சனி லீவு, கோர்ட் ஆபிஸ் எல்லாம் ஞாயித்துக்கெழம தொறந்திருக்கும், வெளியூர் பிள்ளைங்க அத மறந்துட்டு வெள்ளிக்கெழம போயி நிப்பாங்க.

அதனால தங்கச்சி, சிலிங்ல அந்த கறை, சிங்க் கீழ அந்த துணி, சங்கிலி போட்ட கிரில், மூணையும் கிட்ட போயி வெளிச்சத்துல எடு. மீட்டர் நம்பரையும் எடு. எடுத்து அவருக்கே அனுப்பு. கறை மேல இருந்து ஒழுகறதான்னு மழை பெய்ஞ்ச மறுநாள் போயி பாரு, ஒழுகுதுன்னா கூரைய யாரு சரி பண்றதுன்னு அக்ரிமென்ட்ல எழுதாம சாவி வாங்காத. பின்கதவு பூட்ட மட்டும் சாவி வாங்கறதுக்கு முன்னாடியே போட்டு தர சொல்லு, பொண்ணுங்க தங்கற வீடு, இதுல பேரம் வேணாம்.

லீவு மாசத்துக்கும் வாடகை உண்டான்னு கேட்டியா? ஒரு வருஷ ஒப்பந்தம்னா நீங்க ஊர்ல இருந்தாலும் 900 ஓடும். எங்க பேட்ச்ல இத யாரும் கணக்குல எடுக்கல, லீவுல பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) வேலை செஞ்சி அனுப்பினாங்க.

---

சிப்புட்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சிட்டு நாலு பேரும் ஒக்காந்து பேசினோம். லீவு மாசம் பத்தி நாங்க யோசிக்கவே இல்ல.

ரெண்டு சந்தேகம். கிள்ளான் பொண்ணோட மாமா ஆசிரியரு, அவரு கேரண்டரா கையெழுத்து போடறேன்னு சொல்றாரு, போடலாமா? அப்பறம் எல்லாரும் கையெழுத்து போட்டா நடுவுல ஒருத்தி போயிட்டா என்ன ஆகும்?

---

எஸ்பி_கிளார்க்கு_அக்கா:

மாமா கையெழுத்து போட்டா வீட்டுக்காரரு ஒங்கள தேடாம நேரா அவர்கிட்டயே போகலாம், கேரண்டருக்கும் அதே அளவு பொறுப்பு, காண்ட்ராக்ட் சட்டத்துல அப்பிடித்தான். அவரு தெரிஞ்சே நல்ல மனசோட போடறாருன்னா சரி, ஆனா அந்த லெட்டர்ல தொகை எழுதியிருக்கணும், எந்த தேதி வரைக்கும்னு எழுதியிருக்கணும். "எல்லா பாக்கிக்கும் பொறுப்பு" ன்னு மொட்டையா இருந்தா வேணாம்னு சொல்லு. சொந்தத்துக்குள்ள காசு விஷயம் வந்தா பேச்சு வார்த்தையே நின்னுடும்.

நாலு பேரும் சேந்து போட்டா சாதாரணமா ஒவ்வொருத்தரும் முழு வாடகைக்கும் பொறுப்புன்னுதான் எழுதுவாங்க. ஒருத்தி போனா 900ஐ மூணு பேரு கட்டணும், தலைக்கு 225 இருந்தது 300 ஆகும். அதனால ஒருத்தர் போனா பதிலுக்கு வேற ஆள் வைக்க வீட்டுக்காரரு ஒத்துக்கணும்னு ஒரு வரி, ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்தா வெளிய வரலாம்னு ஒரு வரி, இந்த ரெண்டும் கேட்டு போட வை. ஒங்க நாலு பேருகுள்ளயும் தனியா ஒரு பேப்பர் எழுதி வச்சிக்கோங்க, யாரு எவ்ளோ டெபோசிட் போட்டீங்க, பாதியில போனா எவ்ளோ விட்டுட்டு போகணும்னு. ஃபிரண்டுங்ககுள்ள எதுக்குன்னு தோணும், ஃபிரண்டுங்களா இருக்கறப்பவே எழுதிடுங்க.

---

குரூண்_அம்மா:

எம் பையனுக்கும் போன வருஷம் இதே கதை. அவங்கப்பா மோட்டோவ அடகு வைக்கறேன்னு கெளம்பிட்டாரு, நான்தான் விடல. என் கேடபிள்யூஎஸ்பில (ஓய்வுகால சேமிப்பு நிதி) அக்கவுன் ஃபிளெக்சிபல்ல கொஞ்சம் கெடந்துச்சி, 2024 மே மாசத்துல இருந்து அந்த மூணாவது கணக்குல எப்ப வேணா எடுக்கலாம், 50 வெள்ளில இருந்து, எதுக்குன்னு காரணம் கேக்கறதில்ல. போன்லயே எடுத்தேன். வயசான காலத்து காசுதான், ஆனா டெபோசிட் திரும்பி வந்தா எங்கிட்ட குடுத்துடணும்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். எல்லா தோட்டத்து வீட்லயும் இருக்காது, இருந்தா பாருங்க. டெபோசிட் கட்டறதுக்குன்னு ஆலோங்கிட்ட (சட்டவிரோத வட்டிக்காரன்) மட்டும் போயிடாதீங்க பிள்ளைங்களா, எங்க வரிசைல ஒரு குடும்பம் அப்பிடி வாங்கி வீட்ட விட்டே போயிட்டாங்க.

---

கம்பார்_பையன்:

குறுக்க வர்றேன், ஒண்ணு மட்டும். அந்த ஆளு உண்மையிலயே வீட்டுக்காரரான்னு பாத்தீங்களா? கூட்டிட்டு போனவரு சாவி வச்சிருந்தா மட்டும் பத்தாது. கவுன்சில் சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில்லுல இருக்கற பேரும் ஐசில இருக்கற பேரும் காசு போற பேங்க் கணக்கு பேரும் ஒண்ணா இருக்கணும். ஏஜென்ட்னு சொன்னா ஆர்இஎன் நம்பர் (ஏஜென்ட் பதிவு நம்பர்) கேளுங்க. பேங்க் கணக்கு நம்பர போலிஸோட செமாக் மியூல்ல (மோசடி கணக்கான்னு பாக்கற தளம்) போட்டு பாக்கலாம். ஃபேஸ்புக்ல வீடு பாக்காமலே புக்கிங் காசு கேக்கறவங்க கிட்ட இங்க நெறய பிள்ளைங்க ஏமாந்திருக்காங்க, காசு போன ஒடனே 997க்கு (மோசடி புகார் நம்பர்) அடிக்கணும், தள்ளிப்போட்டா கை மாறிடும்.

---

சிப்புட்_பொண்ணு:

அப்டேட். நேத்து அப்பா சிப்புட்ல இருந்து வந்தாங்க, எல்லாரும் சேந்து போயி பேசினோம். சுக்காய் பிந்து பில்லு காட்ட சொன்னோம், காட்டினாரு, அவரு பேருதான். வீட்டுக்காரன் அண்ணன் சொன்ன மாதிரியே பேசினோம், பில்லு ஸ்கிரீன்ஷாட்டு, எல்லார் பேரும், அப்பா நம்பரு. மொதல்ல முடியாதுன்னாரு, அப்பறம் போன தடவ இருந்தவங்க 600 சொச்சம் கரண்டு பில்ல விட்டுட்டு போயிட்டாங்கன்னு அவரே சொன்னாரு, அதான் பயமாம். டெபோசிட்ட ரெண்டு தவணையா வாங்கிக்க ஒத்துக்கிட்டாரு, கேரண்டர் வேணாம்னுட்டாரு, பின்கதவுக்கு பூட்டு போட்டு தரேன்னாரு. கூரை மட்டும் "பாத்துக்கலாம்" னு சொல்றாரு. அக்ரிமென்டுக்கு சரின்னாரு, ஆனா ஸ்டாம்ப் எல்லாம் எதுக்கு, அதுக்கு நான் செலவு பண்ண மாட்டேன்றாரு.

---

ரெண்டு_வீட்டுக்காரன்:

நல்லா பேசியிருக்கீங்கம்மா. அப்பாவ கூட்டிட்டு போனது நல்லது. "பாத்துக்கலாம்" னா செய்ய மாட்டாருன்னு வச்சிக்கோங்க, கூரை ஒழுகினா எத்தன நாளுக்குள்ள ஆள் வந்து பாக்கணும்னு எழுதுங்க, 14 நாள்னு போடுங்க, செய்யலன்னா நீங்க செஞ்சி ரசீத காட்டி வாடகைல கழிச்சிக்கலாம்னும் சேத்து போடுங்க. நான் என் பிள்ளைங்களுக்கு அப்பிடித்தான் போட்டிருக்கேன்.

---

எஸ்பி_கிளார்க்கு_அக்கா:

ஸ்டாம்ப் செலவு வழக்கமா வாடகைக்கு இருக்கறவங்கதான் கட்டுவாங்க, அவரு கட்ட வேண்டியதில்ல. அந்த 44 வெள்ளியும் காப்பிக்கு 10 வெள்ளியும் நீங்களே கட்டிடுங்க, அவரு கையெழுத்தும் ஐசி காப்பியும் குடுத்தா போதும். ஓன்லைன்லயே செய்யலாம், முடியலன்னா ஞாயித்துக்கெழம சுங்கை பட்டாணி வா, நான் ஒக்காந்து செஞ்சி தரேன், எனக்கு காசு வேணாம். ஆனா மொத தவணை குடுக்கறதுக்கு முன்னாடி கையெழுத்து ஆயிடணும், அதுல மட்டும் விட்டுக்குடுக்காத.